ஊரைக் கேட்காம ஊரை மாத்தலாமா? – கோவைக் கூட்டத்தில் ஆற்றிய உரை



உக்கடம் பெரியகுளத்துக் கரைக்கு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்க. நடைபாதை, விளக்கு, பிள்ளைகளோட வந்த குடும்பங்கள். நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல வரல. யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்கன்னு கேட்கத்தான் வந்திருக்கேன்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016 ஜனவரியில் முதலில் தேர்வான 20 நகரங்களில் நம்ம கோவையும் ஒண்ணு. அதே வருஷம் அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் எப்போ? 2022 பிப்ரவரியில்! ஐந்து வருஷத்துக்கு மேல ஊருக்கு ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. வேலைகள் நடந்ததும் அந்தக் காலத்தில்தான். நடத்தியது ஒரு கம்பெனி. மாநில அரசுக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி பங்கு. மாநகராட்சிப் பங்குன்னா அது நம்ம பங்கு. நம்ம சார்பில் பேசத்தான் ஆள் இல்லை.

மக்களைக் கேட்கணும்னு விதியே இல்லையா? இருக்கே! மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே நகர ஆலோசனை மன்றம் உண்டு. கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், குடியிருப்போர் சங்கம் எல்லாரும் இருக்கணும். மேயரே இல்லாத ஊரில் அது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. இருந்தாலும் ஆலோசனைதான் சொல்லலாம், முடிவு கம்பெனி கையில்.

முத்தண்ணன் குளக்கரையில் குடியிருந்தவங்களைக் கேளுங்க. வீடு கொடுத்தாங்க, மறுக்கல. மலுமிச்சம்பட்டியில, கீரநத்தத்துல! டவுனுக்குள்ள வீட்டுவேலை பார்க்கிற அம்மா எத்தனை பஸ் மாறணும்? பாதி வருஷத்துல பிள்ளையை எந்த ஸ்கூல்ல சேர்க்கணும்? வரைபடம் போட்ட இன்ஜினியருக்கு இது தெரியாது. அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

சாலையோர வியாபாரிகளுக்கான 2014 சட்டத்தைப் பாருங்க. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும், அவங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். அதுல மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கூட்டு நிர்வாகம்னா இப்படி. டீ கொடுத்து, கருத்துக் கேட்டு, போட்டோ எடுத்து அனுப்புறதுக்குப் பேர் வேற.

திட்டம் 2025 மார்ச் 31-ல் முடிஞ்சாச்சு. கட்டினதை இனி பராமரிக்கணும், அது நம்ம வரிப்பணம். வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கு 2022-லேயே விதிகள் வந்தாச்சு. அடுத்த ஏரியா சபைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போங்க. நம்ம வார்டில் செஞ்ச வேலையை யார் பராமரிக்கிறாங்க, வருஷத்துக்கு எவ்வளவு செலவுன்னு எழுதிக் கொடுத்துக் கேளுங்க. உங்க கேள்வி கூட்டப் பதிவேட்டில் ஏறுற வரைக்கும் இடத்தை விட்டு எழுந்திருக்காதீங்க.