குடிநோய்க்குச் சிகிச்சை: தொழிலாளியின் உரிமை

(தொழிற்சங்க ஊழியர்களின் வகுப்பில் நிகழ்த்திய உரை)

கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றித்தான் வழக்கமாக இந்த வகுப்புகளில் பேசுகிறோம். இன்று குடிநோய் பற்றியும் மனநோய் பற்றியும், அவற்றுக்குச் சிகிச்சை தரும் நிலையம் என்னென்ன செய்ய வேண்டும் என்பது பற்றியும் பேசப் போகிறேன். இது சங்கத்தின் வேலையா என்று சில தோழர்கள் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான். குடியினால் வேலைக்கு வராத தொழிலாளிக்கு நிர்வாகம் நோட்டீஸ் கொடுக்கும்போது, அவருக்காகப் போய் நிற்பவர் நம் ஊழியர். அந்தத் தொழிலாளியை எங்கே அழைத்துச் செல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

குணக்கேடு அல்ல, நோய்

1845-ல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையைப் பற்றி எழுதிய நூலில் குடியைப் பற்றியும் ஆராய்ந்தார். ஓய்வில்லாத உழைப்பு, புழுங்கும் குடியிருப்பு, நாளைய தினத்தைப் பற்றிய நிச்சயமின்மை ஆகியவையே தொழிலாளியைக் குடிக்குத் தள்ளுகின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். அந்தக் காரணங்கள் இன்றும் மறையவில்லை. அவற்றோடு, இங்கே சர்க்காரே கடை விரித்திருக்கிறது. 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24-ல் இந்த விற்பனையால் சர்க்காருக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

கடைக்குப் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். சிகிச்சைக்குப் போகும் வழி? டில்லி எய்ம்ஸ் நடத்தி, மத்திய சர்க்கார் 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பைப் பாருங்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் உதவி பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே.

"கடையை மூடிவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். கடைகளைக் குறைக்கவும் மூடவும் போராடுவோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2020 ஊரடங்கில் கடைகள் திடீரென மூடப்பட்டபோது என்ன நடந்தது? கேரளத்தில் குடிநோயாளிகள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஏற்கெனவே நோயாளியாகிவிட்டவனுக்குச் சிகிச்சை தராமல் பிரச்னை தீராது.

நிலையத்தில் நடக்க வேண்டியது

முதல் வேலை, உயிரைக் காப்பது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியலாம். கவனிக்காவிட்டால் சாவும் நேரலாம். ஆகவே டாக்டரும் நர்சும் இரவு பகலாக அருகில் இருக்க வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். தயாமின் என்ற பி-1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். அது குறைந்தால் மூளை கெட்டுவிடும். ஈரலையும் பரிசோதிப்பார்கள். இதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும்.

இந்த ஒரு வாரத்தோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ணுவது பெரிய தவறு. உடல் தெளிந்த பிறகே மனத்துக்கு வைத்தியம் தொடங்குகிறது. குடிக்கத் தூண்டும் நேரம் எது, கூட்டாளி யார், சம்பள நாளில் என்ன செய்வது என்றெல்லாம் ஆலோசகர் நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். குடியோடு மனச்சோர்வோ வேறு மனநோயோ சேர்ந்திருக்கிறதா என்று மனநல டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. மனைவியையும் பிள்ளைகளையும் தனியே அழைத்துப் பேச வேண்டும். பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டவர்கள் அவர்களல்லவா?

குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் உண்டு. டைசல்பிரம் என்ற மாத்திரை வேறு வகை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு வரும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் அதைக் கொடுக்க வேண்டும். "குழம்பில் தெரியாமல் கலந்து கொடுங்கள்" என்று சொல்லி விற்கும் பொடிகளை வாங்க வேண்டாமென்று தாய்மார்களிடம் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின் ஓராண்டாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று கைவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தை நிறுத்தி விடுகிறோமா?

சங்கிலி சிகிச்சை அல்ல

2001 ஆகஸ்ட் 6-ம் தேதியை மறக்க முடியுமா? ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். பணம் படைத்தவனின் பிள்ளைகளா அவர்கள்? அல்ல, வேறு போக்கிடமில்லாத ஏழைகள்.

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. மது, போதைப் பொருளால் வரும் மனக்கோளாறுகளும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. பதிவு பெறாமல் மனநலச் சிகிச்சை நிலையம் நடத்தக் கூடாது. தானாக வந்து சேர்ந்தவர் போக விரும்பினால், சட்டம் குறிப்பிடும் சில நிலைமைகளைத் தவிர, அனுப்பியாக வேண்டும். உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை வார்டுக்குள் கொண்டு வருவது யார்? நாம்தான்!

நம் கடமை

சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-ல் தமிழக சர்க்கார் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்து மனநல ஆலோசனை பெறலாம். இந்த விவரங்களை ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வையுங்கள்.

தனியார் நிலையத்தில் சேர்க்கும் முன், பதிவுச் சான்றைக் கேளுங்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, குடும்பத்தார் நோயாளியைப் பார்க்கலாமா என்று விசாரியுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அந்தப் படியை மிதிக்காதீர்கள்.

நம் கோரிக்கைகள் இவை:

1. சிகிச்சைக்குச் செல்லும் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யாதே! சம்பளத்துடன் லீவு கொடு!

2. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிநோய்ச் சிகிச்சைக்குப் படுக்கையும் மருந்தும் ஆலோசகரும் வேண்டும்!

3. மது வருமானத்தில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கென்றே ஒதுக்கு!

4. பதிவில்லாத, அடித்து உதைக்கும் நிலையங்களை மூடு!

தோழர்களே! குடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரும் தொழிலாளியை ஏளனம் செய்து விரட்டுவது சுலபம். விரட்டப்பட்டவர் நேரே கடைக்குத்தான் போவார். அவர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் திரும்பி வரும் நாளில், வேலை அவருக்காகக் காத்திருக்கும்படி சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.