பாடம் கேட்கும் முன் பிள்ளையைக் கேளுங்கள்



திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான 'அபஸ' இறங்கிய பின்னணியை நீங்கள் அறிவீர்கள். மக்காவில் குறைஷித் தலைவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து தமக்கும் கற்றுத்தருமாறு வேண்டினார்கள். பேச்சு தடைபடுகிறதே என்ற வருத்தம் நபியவர்களின் முகத்தில் தெரிந்தது. ஆவலோடு கற்க வந்தவரைப் பிற்படுத்தலாகாது என அல்லாஹ் உணர்த்தினான். அதே தோழர்தாம் பின்னாளில் மதீனாவில் பிலால் (ரலி) அவர்களுடன் முஅத்தினாகவும் விளங்கினார்கள்.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சில இளைஞர்களும் மார்க்கம் கற்க வந்து நபியவர்களிடம் 20 இரவுகள் தங்கினார்கள். வீட்டு நினைவு அவர்களை வாட்டுவதை நபியவர்கள் தாமே உணர்ந்து, யாரையெல்லாம் விட்டு வந்தீர்கள் என விசாரித்து, ஊர் சென்று குடும்பத்தாருக்குக் கற்பிக்குமாறு அனுப்பிவைத்தார்கள். இச்செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. மாணவர் வாய் திறக்கும் முன்பே அவர் மனத்தை அறிந்த ஆசிரியர் அவர்கள்!

அன்பானவர்களே! என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். பட்டம் பெற்று வந்த புதிதில் ஒரு மக்தபில் ஓதிக்கொடுத்தேன். ஒரு சிறுவன் கரும்பலகையில் எழுதிய பே, தே, ஸே எழுத்துகளை நாள்தோறும் மாற்றி மாற்றி ஓதினான். கவனமில்லாதவன் என்று முடிவுகட்டி, பல நாட்கள் மூலையில் நிற்கவைத்தேன். ஒருநாள் அருகில் அழைத்துக் கிதாபைக் காட்டி, "இதில் எத்தனை நுக்தா?" என்று கேட்டேன். முகத்தைக் கிதாபோடு ஒட்டிவைத்துக்கொண்டு சரியாக எண்ணிச் சொன்னான். குறை அவன் கண்ணில் இருந்தது; கண்ணாடி அணிந்ததும் தெளிவாக ஓதினான். 'அபஸ' அத்தியாயத்தை மனனம் செய்திருந்த நான், பார்வை குறைந்த ஒரு பிள்ளையை மூலையில் நிறுத்தியிருந்தேன்!

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. 2012ஆம் ஆண்டின் திருத்தப்படி மதரஸாக்கள் அச்சட்டத்தின் வரம்பில் இல்லை. சட்டம் நம்மைக் கேட்காமல் போகலாம்; மறுமையில் அல்லாஹ் கேட்பான் அல்லவா?

பெற்றோர்களே! எத்தனை மார்க் என்று கேட்கும் முன், இன்று எது புரியவில்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள். உஸ்தாதுமார்களே! தடுமாறும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துங்கள். அவனுக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, பசியோடு வந்திருக்கிறானா என்று பாருங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! ஆண்டுவிழாவில் பரிசு பெறும் பிள்ளைகளை மேடையேற்றுகிறீர்கள், நல்ல காரியம். ஓதலை நடுவில் விட்டுச்சென்ற பிள்ளைகளின் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டுங்கள். அங்கேயும் ஒரு முஅத்தின் இருக்கக்கூடும்.

நம் பிள்ளைகளின் தேவையறிந்து கற்பிக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.