வில்லர்ட் அம்மையாரின் வீடு

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துச் சிலை மண்டபத்தில் முதன்முதலில் இடம்பிடித்த பெண் யார் தெரியுமா? ஃபிரான்சிஸ் வில்லர்ட். 1905-இல் சிலை வைத்தார்கள். 1879 முதல் 1898-இல் மறையும்வரை பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர் அவர். குடிக்கு எதிராகத் திரண்ட பெண்களை வாக்குரிமையும் கேட்க வைத்தவர்.

சிலை இருக்கட்டும். சொல்ல வந்தது அவர் வீட்டைப் பற்றி. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில், 1865-இல் அவருடைய அப்பா கட்டியது. அம்மையார் மறைந்த இரண்டே ஆண்டில் சங்கத்துப் பெண்கள் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். 53 வயதில் அவர் பழகிய சைக்கிள்கூட அங்கே பத்திரமாக நிற்கிறது. அதற்கு கிளாடிஸ் என்று செல்லப்பெயர் வேறு!

சங்கம் பாடுபட்ட மதுவிலக்குச் சட்டம் 1933-இல் ரத்தானது. தோற்றுப்போன தரப்பின் காகிதங்களை யார் சீந்துவார்கள்? சங்கத்துக்குக் கேலிதான் மிச்சம். அந்த நாளிலும் சங்கத்தின் கடிதங்களைக் கட்டிக் காத்த பெண்களுக்கு எந்த மண்டபத்திலும் சிலை இல்லை. என்னைக் கேட்டால், முதல் மாலை அவர்களுக்குத்தான்.

அந்தக் காவல் வீண்போகவில்லை. தொலைந்தே போயின என்று எல்லோரும் நினைத்திருந்த வில்லர்டின் நாட்குறிப்புகள், ஏறத்தாழ 50 தொகுதிகள், 1980-களின் தொடக்கத்தில் சங்கத்தின் தலைமையகத்திலேயே கிடைத்தன. பதின்வயதில் எழுதத் தொடங்கியவை. கரோலின் கிஃபோர்ட் என்ற ஆய்வாளர் அவற்றைப் பொறுமையாகப் படித்து, தேர்ந்த பகுதிகளை 1995-இல் நூலாகக் கொண்டுவந்தார்.