ஈஸ்ட் பெங்கால் கழகமும் நாங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளையோ கம்பனையோ பற்றிப் பேசுவதே வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே குமாஸ்தாவாகப் பார்சல் ரசீதுகளின் நடுவே காலங்கழிப்பவரிடம் கம்பனைக் கேட்பது நியாயமன்று என்று செயலாளர் கருதினார் போலும். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எங்களுக்குத் தெரிந்தது கால்பந்தாட்டம். "எங்களுக்கு" என்பது பெருமைக்காகச் சொன்னதன்று. நம் காலனியிலிருந்து மைதானத்திற்கு எவரும் தனியே சென்றதில்லை. ஏழெட்டுப் பேராகவே சென்றோம். ஆகவே பன்மையிலேயே பேசிப் பழகிவிட்டது.

வங்காள நண்பர்கள் எங்களைக் கேட்பதுண்டு: "உங்களுக்கு டாக்காவும் சொந்த ஊரன்று, பரிசாலும் அன்று. ஈஸ்ட் பெங்காலுக்காகத் தொண்டை கிழியக் கத்துவானேன்?" கேள்வி நியாயமானதே. விடை சொல்லக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

1920 ஆம் ஆண்டு ஜூலை 28. ஜோராபாகான் குழுவுக்கும் மோகன் பாகானுக்கும் ஆட்டம். ஜோராபாகான் குழுவில் சைலேஷ் போஸ் என்பவரைக் காரணமின்றி நீக்கிவிட்டார்கள். அவர் கீழை வங்கத்தவர். அக்குழுவின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அவருக்காக வாதாடினார், பயனில்லை. பதவியை உதறிவிட்டு வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்டு முதல் தேதி, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. இடம் மறுக்கப்பட்ட ஒருவருக்காகத் தோன்றிய கழகம் அது.

பின்னர் 1947 வந்தது. நாடு இரண்டாகி, கீழை வங்கத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சியால்டா நிலையத்தில் வந்து குவிந்தனர். பிளாட்பாரத்திலேயே சமைத்து, பிளாட்பாரத்திலேயே உறங்கினர். பின்னர் ஜாதவ்பூர்ப் பக்கம் காலனிகள் அமைத்துக்கொண்டனர். வீடும் நிலமும் போய்விட்டன. ஊரின் பெயர் மட்டும் ஒரு பந்தாட்டக் கழகத்தில் எஞ்சியிருந்தது. நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் நாம் பிழைக்க வந்தோம். அவர்கள் துரத்தப்பட்டு வந்தார்கள். இரண்டும் ஒன்றெனச் சொல்ல நாங்கள் துணியோம்.

அந்த அகதிகளின் கழகத்திற்கு அக்காலத்தில் வெற்றி தேடித் தந்த முன்னணி ஐவர் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னிந்தியர்! வங்காளிகள் இவர்களைப் "பஞ்ச பாண்டவர்" என்றே அழைத்தார்கள். 1949 முதல் 1951 வரை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்கே வந்தது. கீழை வங்கத்தில் பிறந்தாயா என்று இந்த ஐவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நண்பர்களுக்கு நாங்கள் கூறும் விடை இதுவே.

நாங்கள் கண்ணாரக் கண்ட ஆட்டங்களுள் தலையாயது 1997 ஜூலை 13 இல் நடந்தது. பெடரேஷன் கோப்பை அரையிறுதி. எதிரி மோகன் பாகான். சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அன்று கூடியவர் 1,31,781 பேர் என்பது கணக்கு. அவர்களுள் மீசை அரும்பாத நாங்கள் ஆறு பேர். எதிரணிப் பயிற்சியாளர் அமல் தத்தா "டயமண்ட்" என்னும் புதுவகை வியூகம் வகுத்திருந்தார். பத்திரிகைகள் யாவும் அதையே பாடின. எங்கள் பக்கம் பி. கே. பானர்ஜி. அவர் பெரிய கழகம் எதற்கும் ஆடாமல், ஈஸ்டர்ன் ரயில்வே குழுவில் ஆடியவர். 1958 இல் அந்த ரயில்வே குழு கல்கத்தா லீக்கையே வென்றது. ரயில்வேக்காரர் தோற்பாரா என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். பைசுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், முடிவு 4-1. மறுநாள் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறிற்று. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ், மோகன் பாகான் வென்றால் இறால் என்பது இவ்வூர் மரபு. நம் வீடுகளில் அந்த இலிஷைப் புளிக்குழம்பு வைத்தோம். அண்டை வீட்டு வங்காள அம்மையார் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

2003 இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை. இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சசானா குழுவை 3-1 என வென்றது நம் கழகம். அக்குழுவில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார்: காலியா குலோத்துங்கன். "உங்கள் ஊர்ப் பையனாமே" என்று அலுவலகத்தில் பலர் எங்கள் கையைக் குலுக்கினார்கள். 2018 இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார் என்ற செய்தி வந்த அன்று காலனியில் பலருக்கு உணவு இறங்கவில்லை.

கசப்பானதையும் சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்டு 16 இல் ஈடன் கார்டனில் இவ்விரு கழகங்கள் மோதிய ஆட்டத்தில் கலகம் மூண்டு பதினாறு பேர் மாண்டனர். அதன்பின் எங்கள் தகப்பனார்கள் பல ஆண்டுகள் மைதானத்தின் பெயரையே வீட்டில் எடுக்கவிடவில்லை. இன்றும் அரங்கில் காதால் கேட்க இயலாத வசைமொழிகள் எழுகின்றன. வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்லத் தயங்குகிறோம். அது அபிமானமன்று, வெறும் வெறி.

அடுத்தது பணம். 2020 இல் ஐ.எஸ்.எல். போட்டியில் சேர முதலீட்டாளர் துணை வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்று தகராறு முற்றி, 2021 ஜூலை 21 இல் கழகக் கூடாரத்தின் முன் திரண்ட அபிமானிகள் மீது தடியடி நடந்தது. அடுத்து வந்த பருவத்தில் இருபது ஆட்டங்களில் ஒரே வெற்றி, கடைசி இடம். பணம் போடுகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. குமாஸ்தாக்களாகிய எங்களுக்கு அதில் ஐயமில்லை. ஆனால் கழகத்தின் பெயரையும் சிவப்பு, மஞ்சள் நிறத்தையும் எந்தப் பேரேட்டில் பதிவீர்கள்? மோகன் பாகான் பெயருக்கு முன் 2020 இல் மூன்றெழுத்து ஒட்டப்பட்டபோது அவர்களுடைய அபிமானிகள் ஓயாமல் போராடி, 2023 இல் அதை நீக்கச் செய்தனர். எதிரிகளாயினும் அன்று அவர்களுக்காக மகிழ்ந்தோம். வெளியே சொல்லவில்லை, அவ்வளவே.

2024 ஜனவரி 28 இல் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை. கூடுதல் நேரம் வரை சென்று ஒடிசா குழுவை 3-2 என வென்றோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தேசியக் கோப்பை. எங்களுள் நால்வர் ரயில்வே பாஸில் சென்று வந்தனர். பாஸ் இதற்கன்றி வேறெதற்கு?

நம் காலனிப் பிள்ளைகள் மாட்ரிட் என்றும் மான்செஸ்டர் என்றும் எழுதிய சட்டைகளோடு திரிகிறார்கள். குறை சொல்லவில்லை, நல்ல ஆட்டம்தான். ஆயினும் மழைக்காலத்தில் கல்கத்தா லீக் நடக்கும்போது ஒரு மாலை எங்களோடு வரட்டும். பகல் ஒரு மணிக்குக் காலனி வாயிலில் நிற்போம். குடை மட்டும் வேண்டாம். பின்னால் இருப்பவர்களுக்கு ஆட்டம் மறைக்கும், திட்டுவார்கள்.