ஆவணங்களே முதற்படி: யேர்மனியில் யூத மக்களின் இழப்பீட்டுப் போராட்டம் கற்பிப்பவை



யேர்மன் மொழியில் ‘வீடர்குட்மாகுங்’ என்றொரு சொல் உண்டு. மீண்டும் சரியாக்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். நாசி ஆட்சியால் வதைக்கப்பட்ட மக்களுக்குப் போரின் பின்னர் யேர்மனி வழங்கிய இழப்பீடுகள் அனைத்தும் இச்சொல்லாலேயே குறிக்கப்பட்டன. இந்நாட்டுப் பாடசாலைகளில் வரலாறு பயிலும் எம்பிள்ளைகள் இச்சொல்லைக் கேள்வியுற்றிருப்பார்கள். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை எந்தப் பணமும் சரியாக்காது என்பதால், உயிர்தப்பிய யூதர்களிற் பலர் இச்சொல்லையே வெறுத்தனர். ஆயினும் அவர்கள் விண்ணப்பித்தார்கள். மறுக்கப்பட்டபோது மீண்டும் விண்ணப்பித்தார்கள். அந்த நீண்ட வழக்கின் வரலாறு, இனஅழிப்பின் வலியைச் சுமந்து இந்நாட்டிற்கு வந்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

1951ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் நாள், மேற்கு யேர்மனியின் முதல்வர் கொன்ராட் அடனவர் நாடாளுமன்றத்தில் உரையாற்றுகையில், யேர்மன் மக்களின் பெயரால் சொல்லொணாக் குற்றங்கள் இழைக்கப்பட்டன என்றும், அவற்றுக்கு இழப்பீடு வழங்குவது கடமை என்றும் அறிவித்தார். அடுத்த மாதமே 23 யூத அமைப்புக்கள் நியூயோர்க்கில் ஒன்றுகூடி, யேர்மனியிடம் இழப்பீடு கோருவதற்கான பொது அமைப்பொன்றை உருவாக்கின. ‘கோரிக்கை மாநாடு’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவ்வமைப்பு இன்றும் இயங்கி வருகின்றது.

யூத மக்களிடையே இதற்கு ஒருமித்த ஆதரவு இருந்ததென எண்ணிவிடக்கூடாது. இழப்பீட்டை ஏற்பது இரத்தத்திற்கு விலை பெறுவதாகும் என்று மெனாசெம் பெகின் தலைமையிலான எதிர்க்கட்சியினர் முழங்கினர். 1952 சனவரியில் இஸ்ரேலிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது கற்கள் வீசப்பட்டன. கொலை செய்தவர்களே கொள்ளையடித்த செல்வத்துக்கும் வாரிசாகிவிடக் கூடாது என்பது பிரதமர் டேவிட் பென் கூரியனின் வாதமாக இருந்தது. இறுதியில் 50 வாக்குகளுக்கு எதிராக 61 வாக்குகள் என்ற கணக்கில், பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது.

நெதர்லாந்தின் வாசனார் நகரில் பேச்சுக்கள் நடைபெற்று, 1952 செப்ரெம்பர் 10ஆம் நாள் லக்சம்பேர்க் நகரசபைக் கட்டடத்தில் உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்நிகழ்வில் எவரும் உரையாற்றவில்லை. இஸ்ரேல் நாட்டிற்கு 300 கோடி மார்க், பெரும்பாலும் பொருட்களாக வழங்கப்படும் என்றும், கோரிக்கை மாநாட்டிற்கு 45 கோடி மார்க் வழங்கப்படும் என்றும் முடிவாயிற்று. 1953 மார்ச் 18ஆம் நாள் மேற்கு யேர்மன் நாடாளுமன்றத்தில் 239 பேர் ஆதரித்தும், 35 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, 86 பேர் வாக்களிக்காது ஒதுங்கினர். எதிர்க்கட்சியான சமூக சனநாயகக் கட்சியின் வாக்குகளே அடனவரைக் காப்பாற்றின. அவரது சொந்த அணியினர் பலர் அவருடன் நிற்கவில்லை.

அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை ஒருபுறமிருக்க, தனிமனிதர் ஒருவர் தனக்கிழைக்கப்பட்ட கொடுமைக்கு இழப்பீடு பெறுவது எவ்வாறு? இதற்காக 1956இல் ‘கூட்டாட்சி இழப்பீட்டுச் சட்டம்’ நிறைவேற்றப்பட்டது. உயிரிழப்பு, உடல்நலக் கேடு, சுதந்திர இழப்பு, சொத்திழப்பு, தொழில் மற்றும் முன்னேற்ற இழப்பு என்று துன்பம் வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. வதைமுகாமில் அடைபட்டிருந்த ஒவ்வொரு மாதத்திற்கும் 150 மார்க் கணக்கிடப்பட்டது. நாளொன்றுக்கு 5 மார்க் என்பது அதன் பொருள்.

உடல்நலக் கேட்டிற்கு மாதாந்த ஓய்வூதியம் பெறுவதாயின், உழைக்கும் திறன் குறைந்தது 25 விழுக்காடு குன்றியிருக்க வேண்டும். அதுவும் நாசிக் கொடுமையின் விளைவே என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். இரவில் உறங்க முடியாதவர்கள், பெற்ற பிள்ளைகளைத் தம் கண்முன்னே இழந்தவர்கள் ஆகியோரைப் பார்த்து, ‘இந்நோய் உங்கள் இயல்பிலேயே இருந்தது, முகாமால் வந்ததன்று’ என்ற பொருள்பட எழுதிய மருத்துவர்கள் இருந்தார்கள். நியூயோர்க்கில் பணியாற்றிய உளமருத்துவர் வில்லியம் நீடர்லாந்து போன்றோர் இத்தகைய விண்ணப்பதாரிகளைப் பரிசோதித்து, உயிர்தப்பியோரின் உளப்பாதிப்பை 1960களில் மருத்துவ உலகின் முன் நிறுவினர். இன்று உலகெங்கும் போரால் பாதிக்கப்பட்டோரின் உளக்காயங்கள் நோயாக ஏற்கப்படுவதில், அந்த விண்ணப்பதாரிகளின் பிடிவாதத்திற்கும் பங்குண்டு.

சட்டம் எல்லோரையும் அணைத்துக்கொள்ளவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வாழ்ந்த யூதர்களுக்கு வழி அடைக்கப்பட்டிருந்தது. ரோமா, சிந்தி மக்களை 1943ஆம் ஆண்டுக்கு முன்னர் நாடுகடத்தியது இனத்துவேசத்தால் அன்று என்று யேர்மனியின் உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றமே 1956இல் தீர்ப்பளித்தது. 1963இல் அத்தீர்ப்பு திருத்தப்பட்டது. அந்தத் தீர்ப்பை எண்ணி வெட்கப்படவே முடியும் என்று அதே நீதிமன்றத்தின் தலைவர் பெற்றினா லிம்பேர்க் 2015இல் கூறினார். நீதிமன்றங்களும் தவறிழைக்கும், தவறிய தீர்ப்பும் மாறும் என்பதற்கு இது சான்றாகும்.

முகாம்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் கூலிக்கும் இச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. இவ்விடத்தில் நோபேர்ட் வொல்கைம் என்பவரை நினைவுகூர வேண்டும். 1913இல் பேர்லினில் பிறந்த இவர், போருக்கு முன்னர் யூதச் சிறுவர்களைப் பிரித்தானியாவிற்கு அனுப்பிவைக்கும் பணியில் ஈடுபட்டவர். 1943 மார்ச்சில் இவர் மனைவியுடனும் மூன்று வயது மகனுடனும் அவுஸ்விற்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மனைவியும் மகனும் கொல்லப்பட்டனர். இவர் அவுஸ்விற்ஸ் மொனோவிற்ஸ் முகாமில் அடைக்கப்பட்டு, ‘ஈ.கே. பார்பன்’ என்ற பெரும் இரசாயன நிறுவனத்தின் தொழிற்சாலை கட்டும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்.

போரில் உயிர்தப்பிய வொல்கைம், 1951இல் அந்நிறுவனத்திற்கு எதிராகப் பிராங்பேர்ட் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர், தாமும் நாசிகளால் துன்புறுத்தப்பட்ட சட்டத்தரணி கென்றி ஒர்மொண்ட். கோரிய தொகை 10,000 மார்க் மட்டுமே. 1953 யூன் 10ஆம் நாள் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. எனினும் ஒருவரின் வெற்றி ஆயிரக்கணக்கானோருக்கு வழிகாட்டிவிடும் என்பதை அது உணர்ந்திருந்தது. 1957இல் 3 கோடி மார்க் வழங்க அது இணங்கியது. அதில் 2 கோடியே 70 லட்சம் மார்க் கோரிக்கை மாநாட்டின் ஊடாக யூதத் தொழிலாளர்களுக்கு உரியதாயிற்று.

அந்நிறுவனத்தின் தலைமையகமாக விளங்கிய பெருங்கட்டடம் 2001 முதல் பிராங்பேர்ட் கோதே பல்கலைக்கழகத்தின் வளாகமாக உள்ளது. 2008இல் அங்கு வொல்கைம் நினைவிடம் திறக்கப்பட்டது. அதன் சிறு மண்டபத்தில் அவரது கைதி இலக்கமான 107984 பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வளாகத்தில் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒருமுறையேனும் அங்கு சென்று நிற்கவேண்டும்.

1956இன் சட்டப்படி விண்ணப்பிப்பதற்கான இறுதி நாள் 1969ஆம் ஆண்டின் முடிவோடு கடந்துபோனது. ஏறத்தாழ 43 லட்சம் கோரிக்கைகள் பதிவாகி, அவற்றில் 20 லட்சம் அளவிலேயே ஏற்கப்பட்டன. பெரும்பாலோர் கதை முடிந்ததென்றே கருதினர். கோரிக்கை மாநாடு அவ்வாறு கருதவில்லை. நாள் தவறியவர்களுக்காக 1980இல் இடர்கால நிதியம் ஒன்றைப் பெற்றது. யேர்மனி ஒன்றிணைந்த பின்னர், 1992இல் ‘உறுப்புரை 2 நிதியம்’ என்ற மாதாந்த உதவித்தொகைத் திட்டத்தைப் பெற்றது. தொடக்கத்தில், முகாமில் 6 மாதங்களோ, சேரியடைப்பில் அல்லது தலைமறைவில் 18 மாதங்களோ கழித்தவர்களுக்கே அது கிடைத்தது. ஆண்டுதோறும் பேசிப்பேசியே அக்கால எல்லைகள் குறைக்கப்பட்டன.

அடிமை உழைப்பிற்கான நீதி 2000ஆம் ஆண்டிலேயே பரந்த அளவில் கிட்டியது. அரசும் தொழில் நிறுவனங்களும் பங்கிட்டு அளித்த 1,000 கோடி மார்க் நிதியில் ‘நினைவு, பொறுப்பு, எதிர்காலம்’ என்ற அறக்கட்டளை உருவாக்கப்பட்டு, 2007 வரையில் 16 லட்சத்திற்கும் அதிகமானோருக்குப் பணம் வழங்கப்பட்டது. போர் முடிந்து 55 ஆண்டுகளின் பின்னர் இது நிகழ்ந்தது. காத்திருந்த காலத்தில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப்பாருங்கள்.

இளையோர் கவனிக்கவேண்டிய மற்றுமொரு செய்தி உண்டு. யூதச் சேரிகளில் வேலைசெய்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. ஊதியம் பெற்று, ஓரளவேனும் சொந்த விருப்பில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 70,000 பேர் விண்ணப்பித்தனர். மிகப் பெரும்பாலானோர் மறுக்கப்பட்டனர். காரணங்களில் ஒன்று அவர்களின் பழைய கோப்புக்கள். 1950களில் இழப்பீடு கோரியபோது ‘கட்டாய வேலை’ என்று எழுதியிருந்தவர்களிடம், ‘கட்டாயம் என்றால் விருப்பு எங்கே?’ என்று அதிகாரிகள் கேட்டனர். பட்டினியால் சாகாதிருக்க வேலை தேடிக்கொண்ட ஒருவருக்கு, விருப்பும் கட்டாயமும் ஒன்றாகவே இருந்தன என்பதைப் படிவம் அறியவில்லை. 2009இல் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் அந்நிபந்தனைகளுக்கு விரிந்த பொருள் கொண்டது. உணவும் ஊதியமாகக் கருதப்படலாம் என்றாயிற்று. 2014இல் சட்டமும் திருத்தப்பட்டு, 1997 யூலை முதலான ஓய்வூதியத்தைப் பெறும் வழி திறந்தது.

இவ்விண்ணப்பங்கள் அனைத்திற்கும் உயிர்நாடி ஆவணமே. கெசன் மாநிலத்தின் பாட் அரோல்சன் என்னும் சிறுநகரில் உள்ள ஆவணக்காப்பகம், ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் மனிதர்களைப் பற்றிய குறிப்புக்களைக் கொண்டுள்ளது. முகாம் பதிவேடுகள், கைதி அட்டைகள், வேலைப் பட்டியல்கள் என அவை நீளும். கொலைகாரர்கள் தம் நிர்வாகத்திற்காக எழுதிவைத்த ஏடுகளே பின்னாளில் அவர்களுக்கு எதிரான சாட்சிகளாயின. ஏடு கிடைக்காதவர்கள் சாட்சிகளைத் தேடினார்கள். ஒரே முகாமில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தார்கள்.

இனி, ஈழத்தமிழர் பக்கம் திரும்புவோம். இரு வரலாறுகளும் ஒன்றல்ல. நாசி அரசு போரில் தோற்றது. அதன் இடத்தில் வந்த அரசு பொறுப்பை ஏற்றது. இலங்கையில் அத்தகைய பொறுப்பேற்பு நிகழவில்லை. 1983 யூலைப் படுகொலைகளுக்காக அரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கோரியது 2004இல் ஆகும். இழப்பீட்டிற்கான பணியகச் சட்டம் 2018இல் இயற்றப்பட்டது. ஆயினும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்து, பணத்திற்கு முன் உண்மையைக் கூறுங்கள் என்றே கேட்கின்றனர். அவர்களின் மறுப்பும் மதிப்பிற்குரியதே. 2005இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள், பணத்தோடு நின்றுவிடாது, இழந்ததை மீளளித்தல், மறுவாழ்வு, உண்மையை வெளிப்படுத்தி மனநிறைவளித்தல், மீண்டும் நிகழாமை உறுதி ஆகியவற்றையும் பரிகாரத்தின் பகுதிகளாகவே கூறுகின்றன. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பேணும் பொறுப்பை மனித உரிமை ஆணையாளர் பணிமனைக்கு அளித்தது.

நீதியின் கதவு எப்போது திறக்கும் என்பதை எவராலும் கூறமுடியாது. திறக்கும் நாளில் கையில் என்ன இருக்கும் என்பது மட்டும் இன்றைய உழைப்பைப் பொறுத்தது.

பெற்றோர்களே, உங்கள் அலுமாரியில் இருக்கும் காணி உறுதி, குடும்ப அட்டை, மருத்துவமனைத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், இறப்புச் சான்றிதழ், பழைய நிழற்படம் ஆகிய எதனையும் பயனற்றதென எறிந்துவிடாதீர்கள். அகதி விண்ணப்பத்தின்போது நீங்கள் அளித்த வாக்குமூலத்தின் பிரதியைத் தேடி எடுத்து வையுங்கள். அது நாளும் கையொப்பமும் கொண்ட சாட்சியம்.

இளையோரே, கணினி உங்கள் கையில் உள்ளது. இவற்றைத் தெளிவாகப் படியெடுத்து, வெவ்வேறு இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூலத்தையும் காத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் கதையை ஆண்டு, மாதம், ஊர், உடனிருந்தோர் என்ற வரிசையில் எழுதுங்கள். நாள் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு நாள், உண்மையான பத்து நாட்களையும் ஐயத்திற்குள்ளாக்கிவிடும். தாயகத்தில் வாழும் உறவுகளின் பெயர்களைப் பொதுவெளியில் இடாதீர்கள். பேச விரும்பாத பெற்றோரை வற்புறுத்தாதீர்கள். அவர்கள் அழுதால் எழுதுவதை நிறுத்திவிட்டு அருகில் இருங்கள். மறுநாளும் எழுதலாம்.

2024 சனவரியில் கோரிக்கை மாநாடு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ 2,45,000 யூத உயிர்தப்பியோரே எஞ்சியிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் போர்க்காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். பெற்றோர் தலைமுறை ஏறத்தாழ முற்றாக மறைந்துவிட்டது. அவர்கள் எழுதிக் கையொப்பமிட்ட தாள்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. 1983ஐக் கண்ட எம்மூத்தோரும் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் கேட்கவேண்டியதை இவ்வார இறுதியிலேயே கேட்கத் தொடங்குங்கள்.