காரின் வில்லை நாமே மாற்றலாமா?



நம் சிற்றூர்களில் ஒரு காலத்தில் இருவகை மாட்டுவண்டிகள் ஓடின. அச்சின் மேல் நேராகவே தட்டு அமைந்த கட்டைவண்டி ஒன்று. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிவைத்த வில்வண்டி மற்றொன்று. நெல் மூட்டைக்குக் கட்டைவண்டி போதும். மணப்பெண்ணும் பாட்டியும் ஏறவேண்டுமானால் வில்வண்டி பூட்டவேண்டும். மோட்டார்க் கார் வந்தபோது ‘சஸ்பென்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் கூடவே வந்தது. ஆயினும் அது செய்வது அந்தப் பழைய வில்லின் வேலையைத்தான். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரின் பின் அச்சைத் தாங்கியவை, வில்வண்டியில் நாம் கண்ட அதே பட்டை வில்கள். வடக்கே பட்டறைகளில் அதைக் ‘கமானி’ என்பார்கள்.

அந்த வில்லைப் பற்றிய ஒரு வீட்டுக் கேள்வியை இன்று ஆராய்வோம். தில்லியிலும் புனேயிலும் நாகபுரியிலும் குடியேறியிருக்கும் நம்மவர் பலர், கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். நாகபுரியிலிருந்து திருநெல்வேலிக்கு, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. போகும்போது வண்டி இலேசாகத்தான் போகும், சங்கடமெல்லாம் திரும்பும்போதுதான். புழுங்கலரிசி ஒரு மூட்டை, தேங்காய், புளி, நல்லெண்ணெய் டின், போதாக்குறைக்கு மாமியார் வீட்டில் அன்போடு ஏற்றிவிட்ட கோவைக் கிரைண்டர்! வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிடுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடிவயிறு உராய்கிறது. வீடு வந்து சேர்ந்ததும், ‘இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வாங்கிப் போட்டால்தான் சரிப்படும்’ என்ற எண்ணம் எழுகிறது. உதிரிப்பாகங்களோ இப்போது வாயிற்படிக்கே வந்து சேருகின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமே மாட்டிவிட்டால் என்ன?

மாட்டலாமா என்பதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்கவேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும்போது தொடர்ந்து துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்ஸார்பர். இந்தப் பக்கத்தில் இதை ‘ஷாக்கர்’ என்கிறார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல் பணத்தை இழந்தவர் பலர். வண்டி தாழ்ந்துபோயிற்று என்று ஷாக்கரை மாற்றினால் தாழ்வு நீங்காது. மேடு தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடுகிறது என்று ஸ்பிரிங்கை மாற்றினால் ஆட்டம் நிற்காது. ஷாக்கரின் உடம்பில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால், எழுந்து அடங்கிவிடுகிறதா, மேலும் ஆடுகிறதா என்று பாருங்கள். முரட்டுச் சோதனைதான், ஆனாலும் காசில்லாமல் ஓரளவு உண்மை தெரியும். ‘கடகட’ என்ற ஓசை கேட்டால், பெரும்பாலும் தேய்ந்துபோன ரப்பர் புஷ்தான் காரணமாக இருக்கும். அது சிறு செலவு.

காற்றழுத்தத்தையும் மறந்துவிடுகிறோம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு சிறு அட்டவணை ஒட்டியிருப்பதைப் பல கார்களில் காணலாம். இருவர் செல்லும்போது எவ்வளவு காற்று, முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று அதில் தனித்தனியே இருக்கும். 1,600 கிலோமீட்டரும் இருவருக்குரிய காற்றிலேயே ஐந்து பேரும் அரிசி மூட்டையும் வந்தால், வண்டி தளதளவென்று ஆடாமல் என்ன செய்யும்?

இன்னொரு கணக்கும் போடவேண்டும். சிறு கார்களில் பலவற்றுக்கு, வெற்றெடைக்கு மேல் ஏற்றத்தக்க பாரம் 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினாலே 325 கிலோ ஆயிற்று. மிச்சம் 75 கிலோவில் அரிசி, தேங்காய், கிரைண்டர், பெட்டிகள் எல்லாம் அடங்கவேண்டும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் இந்த வரம்பு உயர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உயராது. பிரேக்கும் டயரும் அச்சும் பழையவையேதான். ஸ்பிரிங் கெட்டியானதும் தாழ்வு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இன்னொரு மூட்டையையும் ஏற்றுவோம். இதுவே பெரிய ஆபத்து. கிரைண்டரை ரயில் பார்சலில் அனுப்பலாமே என்று நம் வீட்டு அம்மையார் சொன்னபோது, அது யந்திர ஞானமில்லாத யோசனை என்று நாம் எண்ணினோம். பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்ததில் அவர் சொன்னதே சரியாக இருந்தது.

‘சற்றே கெட்டியானது’ என்று கடைக்காரர் தரும் ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி? சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதிருக்க, கம்பியின் கனம் மட்டும் 12 மில்லிமீட்டரிலிருந்து 13 ஆனால், விறைப்பு சுமார் 38 விழுக்காடு கூடிவிடும். கனத்தின் நான்காம் மடிப்புக்கு ஏற்ப விறைப்பு வளர்வதே காரணம். அத்தகைய ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கரால் அடக்க முடியாது. ஆண்டில் பதினைந்து நாள் பாரத்துக்காக, மற்ற 350 நாளும் வெறும் வண்டியில் அலுவலகத்துக்குக் குலுங்கிக்கொண்டே போகவேண்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தால், அதே அளவில் புதிது போடுவதே பெரும்பாலோர்க்குப் போதுமானது. சுருளுக்கு இடையே செருகும் ரப்பர்க் கட்டைகளும் கடைகளில் விற்கின்றன. அவை அச்சுற்றுகளை மட்டும் செயலிழக்கச் செய்து, மற்றச் சுற்றுகளின் மேல் சுமையை ஏற்றுவதால் நாம் அவற்றை விரும்புவதில்லை.

சரி, மாற்றவேண்டியது உறுதியாயிற்று, யார் மாற்றுவது? இங்கே நம் அனுபவம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

நாகபுரியில் குடியேறிய புதிதில் நமக்கு இந்தி சரளமாக வராது. பட்டறையில் நின்று நோயை விளக்குவதற்குக் கூச்சம். நாம் ஒன்று சொல்ல, அவர் ஒன்று புரிந்துகொள்ள, வேறொன்றுக்குப் பணம் கொடுத்து வந்த நாளும் உண்டு. ஆகவே பின்புற ஷாக்கர் இரண்டையும் நாமே மாற்றுவதென்று துணிந்தோம். சிக்கனம் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், உண்மைக் காரணம் அந்தக் கூச்சந்தான்.

பல சிறு கார்களில் பின்புறத்து ஸ்பிரிங் தனியாகவும், ஷாக்கர் தனியாகவும் இருக்கின்றன. கீழே ஒரு போல்ட், மேலே ஒரு நட்டு, வேலை கடினமன்று. வண்டியோடு வரும் ஜாக்கி, சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பது அதனினும் கேடு. எந்த நொடியில் நொறுங்கும் என்று சொல்ல இயலாது. ஆதலால் இரும்பு முட்டுத்தாங்கிகள் இரண்டு வாங்கினோம். ஷாக்கரைக் கழற்றியதும் அச்சு கீழே இறங்கிவிடும். அதற்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். இவ்வளவும் ஒழுங்காகவே செய்தோம். மாலைக்குள் வேலை முடிந்தது. காபி குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்!

நாலைந்து மாதத்தில் பின்புறம் ‘கிரீச்’ என்று முனகத் தொடங்கியது. பட்டறையில் பார்த்தபோது, புது ஷாக்கரின் கீழ் ரப்பர் புஷ் இரண்டும் கிழிந்திருந்தன. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டோம், அதுதான் பிழை. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் நின்றதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். பாரம் சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு இறுக்கியிருக்கவேண்டும். மறுபடியும் செலவு. ஆனாலும் நாம் ஒன்று கவனித்தோம். இந்தத் தவறு முதலில் ஓசை கொடுத்து எச்சரித்தது. நெடுஞ்சாலையில் நம்மைக் கவிழ்க்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் முன்புறத்தைப் பார்க்கிறோம். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறம், மக்ஃபர்ஸன் என்ற அமெரிக்கப் பொறியியல் வல்லுநரின் பெயரால் வழங்கும் ‘ஸ்ட்ரட்’ அமைப்பு. இதில் ஷாக்கரும் ஸ்பிரிங்கும் ஒரே கூட்டாகப் பிணைந்திருக்கும். வண்டியைத் தூக்கி, கூட்டைக் கழற்றி வெளியே எடுத்த பிறகும், ஸ்பிரிங் தன் இருக்கைகளுக்கு நடுவே அமுங்கியே இருக்கிறது. சிறு காரின் ஒரு முன் சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 250 கிலோ பாரத்தைத் தாங்கும் வில் அது. உச்சியிலுள்ள நட்டைச் சும்மா திருகினால், அந்த வில் விடுபட்டு எகிறும். முகத்திலோ மார்பிலோ பட்டால் உயிருக்கே ஆபத்து. அதனை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி உண்டு. மலிவானதை வாங்கினாலோ, கொக்கிகளைச் சமமாக மாட்டாமற்போனாலோ, அக்கருவியே நழுவிவிடும். முன்னே ஓசை எழுப்பி எச்சரிக்காத தவறு இது.

வேறு காரணங்களும் உண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் சக்கரங்களின் கோணம் மாறிவிடும். எப்படியும் அலைன்மென்ட் பார்க்கப் பட்டறைக்குத்தான் போகவேண்டும். பிரேக் குழாயையும் சென்சார் கம்பியையும் இழுபடாமல் ஒதுக்கி வைக்கவேண்டும். பூட்டு நட்டுகளைப் புதிதாகவே போடவேண்டும். எந்த நட்டுக்கு எவ்வளவு இறுக்கு என்று கையேடு சொல்லும். அதை அளக்க டார்க் ரெஞ்சு வேண்டும். மேலை நாடுகளில் பட்டறைக் கூலி மிக அதிகம். அங்கே இவற்றையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வதில் பொருள் உண்டு. நம் நாட்டிலோ செலவின் பெரும்பங்கு பாகங்களின் விலைக்கே போகிறது. கூலியை மிச்சம் பிடிக்க, கூலியினும் அதிகமாகக் கருவிக்குக் கொடுப்பது விநோதமான சிக்கனம். ஆகவே பின்புறத்து ஷாக்கர்வரை நாம் செய்வோம். முன்புறத்து ஸ்ட்ரட்டைத் தொடமாட்டோம். வாலிபர்கள் சிலர் இதனைக் கோழைத்தனம் என்பார்கள், சொல்லட்டும்.

வண்டியின் உயரத்தையே கூட்ட விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே அளவிலான பாகத்தைப் போடுவது பழுதுபார்த்தல், அதற்குத் தடையில்லை. அதற்கு மேல் போகிறவர்கள், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நலம்.

இனி, நம்மைப்போல் பட்டறையில் வாய் திறக்கக் கூசுகிறவர்களுக்காக ஒன்று. அந்த நீண்ட விளக்கங்கள் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய பாகத்தைக் கண்ணில் காட்டவேண்டும். கடைசி இறுக்கு தரையில் நின்ற பிறகு. இம்மூன்றையும் கேட்கத் தெரிந்தால் போதும். மூன்றாவதற்கு நாம் கற்றுவைத்திருக்கும் இந்தி வாக்கியம்: ‘காடி ஜமீன் பர் உதார்கர் போல்ட் கஸியே.’ அடுத்த முறை முன்புற ஸ்ட்ரட்டுக்காகப் போனபோது, இதை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தோம். பட்டறைக்காரர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். வண்டியைக் கீழே இறக்கி, ரெஞ்சை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனார். முடித்த பிறகு, 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் வரச்சொன்னார். எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை பார்த்துத்தர வேண்டுமாம். அதற்குக் கூலி கேட்கவில்லை.