ஈவுத்தொகைக் கணக்கும் பொருள் வரைதலும்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது பொருள் வரைதல். இவ்வளவு போதும் என எல்லை வகுத்து, மிகுந்ததை அறத்திற்கு ஆக்குவதே அவ்விரதம். எல்லை வகுப்பதற்கு உள்ளது எவ்வளவு, வருவது எவ்வளவு என்பது தெரிய வேண்டும். முன்னோர் காணியையும் நெல்லையும் அளந்தனர். இன்று பல குடும்பங்களின் பொருள் டிமேட் கணக்கில் பங்குகளாக உள்ளது. அளவை மாறினாலும் விரதம் மாறவில்லை.

கணக்கு எளியது. நிறுவனம் ஓராண்டில் வழங்கும் மொத்த ஈவுத்தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், பங்கு ஒன்றுக்குரிய ஈவுத்தொகை கிடைக்கும்.

திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரை வணங்கிச் சென்னை திரும்புவோர், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையைக் காண்பர். அந்நிறுவனத்தின் பங்கு 1,960 ரூபாய் விலையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டு, 2024 அக்டோபர் 22 அன்று சந்தையில் பட்டியலிடப்பட்டது. பங்குகள் ஏறத்தாழ 81.25 கோடி. 2024-25 ஆம் ஆண்டுக்கான ஈவுத்தொகை ஏறத்தாழ 1,706 கோடி ரூபாய். வகுத்தால் பங்கு ஒன்றுக்கு 21 ரூபாய். அவ்வாண்டில் பங்கு ஒன்றுக்கு ஈட்டிய இலாபம் ஏறத்தாழ 69 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகவே பங்குதாரர் கைக்கு வந்தது. குறைந்த அளவான 7 பங்குகளை 13,720 ரூபாய்க்கு வாங்கியவர் பெற்றது 147 ரூபாய். இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவே அது.

ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை உள்ளது. அதன் உரிமையாளரான ஐஷர் மோட்டார்ஸ் அதே ஆண்டுக்கு 70 ரூபாய் அறிவித்தது. முகமதிப்பு 1 ரூபாய் ஆதலால் அது 7,000 விழுக்காடு. ஹூண்டாயின் முகமதிப்பு 10 ரூபாய். ஆகவே அது 210 விழுக்காடு. இவ்விழுக்காட்டைக் கேட்டு மயங்குவோர் பலர். ஐஷர் பங்கின் விலையோ அந்நாளில் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. விலையோடு ஒப்பிட்டால் வருவாய் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. முகமதிப்பால் வகுப்பது ஆசையை வளர்க்கும். கொடுத்த விலையால் வகுப்பதே உண்மையைக் காட்டும்.

பங்குப் பிரிப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐஷர் 2018-19இல் 125 ரூபாயும் 2020-21இல் 17 ரூபாயும் வழங்கியது. வீழ்ச்சி போலத் தோன்றும். ஆயின் 2020இல் ஒரு பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்டது. பழைய 125 இன்றைய அளவில் பன்னிரண்டரையே. ஆகவே ஈவுத்தொகை உயர்ந்ததே உண்மை.

ஆசையும் அச்சமும் கணக்கறியாமையில் பிறக்கின்றன. 7,000 விழுக்காடு எனக் கேட்டு ஓய்வூதியப் பணம் முழுவதையும் இடுவதும், 125 பதினேழானது எனக் கலங்கி விற்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இன்னொரு பிழை மறதி. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகையைப் பெறாது விட்டால், அத்தொகையும் அதற்குரிய பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். திரும்பப் பெற வழியுண்டு, அலைச்சலும் உண்டு. பெரியோர் தம் பங்குகளின் பட்டியலை எழுதி, வாரிசு நியமனம் செய்து, வீட்டாரிடம் அளித்தல் நலம்.

ஈவு என்ற சொல் வகுத்து வந்த விடையையும் குறிக்கும், கொடையையும் குறிக்கும். சிராவகர் இல்லத்தில் முதற்பொருள் இரண்டாம் பொருளுக்கு வழிவிட வேண்டும். ஆண்டுதோறும் வரவைக் கூட்டி, வரி நீக்கி, வகுத்த எல்லைக்கு மேற்பட்டதை உணவு, மருந்து, நூல், அபயம் எனும் நால்வகைத் தானத்திற்கு ஒதுக்குக. கணக்குப் பிழையாத இல்லத்தில் விரதமும் பிழையாது.

அறம் வளர்க.